எது நிலைக்கிறது?: தொகுப்பு மென்பொருள்களை ஒப்பிடுவது குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ தொகுப்பு மென்பொருள்களை ஒப்பிடும் எழுத்து என்று ஒரு வகையே உருவாகிவிட்டது. பிரீமியர், ஃபைனல் கட், ஏவிட், எடியஸ், டாவின்சி ரிசால்வ் என்று ஐந்தாறு பெயர்கள். எது விழாமல் ஓடும், எது பழக எளிது என்று இரண்டு கேள்விகள். கடைசியில் ஒன்றின் தலையில் கிரீடம். இதை வெறும் தொழில்நுட்பக் குறிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இதுவும் ஒரு விமர்சனப் பிரதிதான். தன் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிற பிரதி.

அளவுகோல் பற்றித் தூத்துக்குடிக் கரைக்குக் கொஞ்சம் தெரியும். இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். முத்துகளை வகை பிரிக்கும் வியாபாரி முதலில் அவற்றைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார். துளை பெரியது, சிறியது என்று வரிசையாகப் பல சல்லடைகள். ஆனால் சல்லடை சொல்வது பருமனை மட்டும்தான். ஒளி, நிறம், உருட்சி எல்லாம் சல்லடைக்கு அகப்படாது. அதற்குக் கண் வேண்டும், பழகிய கை வேண்டும். விலையைத் தீர்மானிப்பதும் அதுதான். நாம் வாசிக்கும் ஒப்பீடுகள் முதல் சல்லடையோடு கடையைச் சாத்திவிடுகின்றன.

அவற்றில் 'பயனர்' என்றொரு ஆள் வருகிறார். அவருக்கு ஊர் கிடையாது, மொழி கிடையாது. அவர் வீட்டில் கரண்ட் போகாது. மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். கணிப்பொறியும் சென்ற மாதம் வாங்கியது. இந்த ஊரில் பல ஆண்டுகளாகக் கல்யாணமும் திருவிழாவும் தொகுத்துக் கொடுத்துவரும் நான் அப்படி ஒருவரைச் சந்தித்ததில்லை.

2

முதலில் 'நிலைத்தன்மை'. தொகுப்பு அறைகளில் இதற்கு நேர்ச் சொல் உண்டு: "ணே, தொங்கிருச்சு." தொங்குவது எது? ஒப்பீட்டாளர் மென்பொருள் என்கிறார். பெரும்பாலும் தொங்குவது ஒரு உறவு. எடியஸ் தன் வேலையைப் பெரிதும் செயலியின் தலையில் வைக்கிறது. ரிசால்வ் கிராபிக்ஸ் அட்டையின் தலையில் வைக்கிறது. நல்ல செயலியும் சுமாரான அட்டையும் உள்ள பழைய பெட்டியில் முன்னது ஓடும், பின்னது முனகும். பெட்டியை மாற்றினால் தீர்ப்பும் மாறும். அப்படியானால் அட்டவணையில் இருக்கும் நட்சத்திரம் மென்பொருளுக்கா, விமர்சகரின் கணிப்பொறிக்கா? வெவ்வேறு காமிராக்களின் கோப்புகளை மாற்றாமல் அப்படியே டைம்லைனில் போட முடிந்ததும், சாதாரணப் பெட்டியில் ஓடியதும்தான் நம் கல்யாண வீடியோக்காரர்கள் எடியஸைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம். இதைப் 'பின்தங்கிய ரசனை' என்று பார்ப்பது வர்க்கப் பார்வையன்றி வேறில்லை.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. சிறு நகரங்களின் தொகுப்பு அறைகளில் ஓடியவற்றில் கணிசமானவை 'கிராக்' பிரதிகள். கிராக் பிரதியைப் புதுப்பிக்க முடியாது, புதுப்பித்தால் பூட்டிக்கொள்ளும். நிறுவனம் பிழையைத் திருத்திய பிறகும் பழைய பிழையோடுதான் நம்மாள் குடித்தனம் நடத்த வேண்டும். பிரீமியரை 2013இலிருந்து அடோபி மாதச் சந்தாவாக மட்டுமே புதிதாக விற்கத் தொடங்கியபோது, இங்கே பலர் அதற்கு முந்தைய 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நின்றுவிட்டார்கள். 'அது விழுந்துகிட்டே இருக்கும்' என்ற பேச்சில் பாதி மென்பொருளைப் பற்றியது. பாதி விலையைப் பற்றியது.

பிறகு மின்சாரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அது பேரிடர். அன்றாட மின்வெட்டுக்கும் ஒரு தொகுப்பாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஃபைனல் கட் எக்ஸில் 'சேவ்' என்ற கட்டளையே இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் அதுவே எழுதிக்கொள்ளும். ரிசால்விலும் 'லைவ் சேவ்' அப்படித்தான். பிரீமியர் குறிப்பிட்ட நிமிட இடைவெளியில் தனித்தனி நகல்களாகச் சேமிக்கும். கரண்ட் போகிற ஊரில் முன்னவை நல்லது. ஆனால் "நேத்து வெட்டினதே நல்லாருந்துச்சு" என்று மணமகளின் சித்தப்பா வந்து நிற்கும்போது, நேற்றைய நகல் கைவசம் இருப்பவனே பிழைத்தவன். நிலைத்தன்மை ஒற்றைப் பண்பு அல்ல.

இதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் பேசப்படாத ஒன்று மிச்சமிருக்கிறது: காலம். கொற்கை ஒரே நாளில் விழவில்லை. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது, கடல் விலகியது; பாண்டியரின் துறைமுகம் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூரானது. மென்பொருள்களும் பெரும்பாலும் இப்படியே சாகின்றன. 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் எக்ஸை வெளியிட்டது. கூடவே பழைய ஃபைனல் கட் 7ஐ நிறுத்தியது. புதியதில் பழைய திட்டக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. பல காமிராத் தொகுப்பு வசதிகூடப் பிறகுதான் வந்து சேர்ந்தது. உலகெங்கும் தொகுப்பாளர்கள் கூச்சல் போட்டார்கள். 2017இல் வந்த மாக் இயங்குதளத்தில் ஃபைனல் கட் 7 திறக்கவே மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், ஃபைனல் கட் 7 எழுதித் தந்த எக்ஸ்எம்எல் கோப்பைப் போட்டியாளர்களான பிரீமியரும் ரிசால்வும் வாசித்தன. சொந்த வாரிசு நேரடியாக வாசிக்கவில்லை. ஃபைனல் கட் 7 அதுவரை அற்புதமாக ஓடியது. எந்த அட்டவணையிலும் அது முழு நட்சத்திரம் வாங்கியிருக்கும். அப்படி ஓடியதே அதை நம்பியவனுக்குப் பொறியாயிற்று.

அரசும் வண்டல் கொட்டும். 2020 ஜூன் 29இல் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக் பற்றி எல்லாரும் பேசினார்கள். அதே பட்டியலில் விவாவீடியோ என்ற தொகுப்புச் செயலியும் இருந்தது. கைபேசியில் வெட்டிப் பழகிய ஒருவருக்கு அவருடைய மேசையே போயிற்று.

3

'எளிமை'க்கு வருவோம். இங்கே மொழி நேரடியாக உள்ளே நுழைகிறது.

'கொற்கை' என்ற பெயரையே தலைப்பாகப் போட்டுப் பாருங்கள். 'கொ'வில் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். 'கை'யில் குறி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். கணிப்பொறியில் உள்ளே சேமிக்கப்படும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு. இந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத தலைப்புக் கருவி பெயரைச் சிதைத்துத் துப்பும். பல தொகுப்பு மென்பொருள்கள் பல ஆண்டுகள் இப்படித்தான் துப்பிக்கொண்டிருந்தன. பிரீமியரில் இப்போது தெற்காசிய எழுத்துகளுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. விருப்பத் தேர்வுகளுக்குள் போய் அதைத் தேடி மாற்ற வேண்டும். ஆங்கிலத்துக்கு அப்படித் தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் இயல்பு, தமிழ் விதிவிலக்கு என்கிற கருத்தியல் இங்கே ஒரு மெனுவாகவே வந்து நிற்கிறது.

நம் தொகுப்பாளர்கள் இதற்குக் கண்ட வழி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த ஏற்பாடு. மென்பொருள் ஆங்கிலம் என்று நம்பும். திரையில் தமிழ் தெரியும். அதிகாரத்தின் கண்ணில் மண்ணைத் தூவுகிற இந்தத் தந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்கும் விலை உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திட்டத்தைத் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக நிற்கும். இன்றைய எளிமை நாளைய நிலைத்தன்மையைத் தின்றுவிடுகிறது.

கைபேசியில் தமிழ் எழுத்துக் கோர்வையை இயங்குதளமே பார்த்துக்கொள்வதால், கைன்மாஸ்டர் போன்ற செயலிகளில் தலைப்புப் போடுவது பெரிய பாடாக இல்லை. 'தொழில்முறை அல்லாதது' என்று அட்டவணைகள் தள்ளிவைத்த இடத்தில் தமிழ் இயல்பாக வந்தது. 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற அலைவரிசைகள் மன்னார் வளைகுடாக் கடல் தொழிலை மீனவரின் வாயாலேயே சொல்லவைத்தபோது, எந்த மென்பொருளில் வெட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பேசுபவர் யார் என்பதுதான் மாறியிருந்தது.

4

இவ்வளவும் கல்யாண வீடியோவுக்கா என்று கேட்கலாம். 2018 மே 22ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வாகனத்தின் மேல் நின்று குறிபார்க்கும் காட்சியை நாடே பார்த்தது. மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. அருணா ஜெகதீசன் ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2022 மே மாதம்தான் அளித்தது. நான்கு ஆண்டுகள்.

கைபேசிக் காட்சி ஒன்று சாட்சியாக அத்தனை ஆண்டு நிற்க வேண்டுமானால் என்ன வேண்டும்? வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும்போது காட்சி மறுபடியும் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், கருவி பற்றிய தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன. மேலும், கைபேசி நொடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே கணக்கில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் குறைத்துக்கொள்ளும். மாறாத கணக்கை நம்பிக் கட்டப்பட்ட டைம்லைனில் இதைப் போட்டால் ஒலியும் காட்சியும் மெல்ல விலகும். கல்யாணத்தில் நாதஸ்வரம் உதட்டோடு ஒட்டாமல் போகும், அவ்வளவுதான். ஒரே வெடிச்சத்தத்தை வைத்து மூன்று கைபேசிக் காட்சிகளை ஒன்றோடொன்று பொருத்த வேண்டிய இடத்தில், அரை நொடி விலகல் யார் முதலில் என்ற கேள்வியையே புரட்டிப் போடும். இந்த இடத்தில் 'நிலைத்தன்மை' என்பது நீதியைப் பற்றிய சொல்.

தொகுப்பு மென்பொருள் மூலக் காட்சியைத் தொடுவதில்லை. இந்தக் கோப்பில் இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை என்ற கட்டளைகளை மட்டுமே அது எழுதி வைக்கிறது. ஆக, கேட்க வேண்டியவை: அந்தக் கட்டளைகள் யார் கையில்? நிறுவனம் போனாலும், சந்தா தீர்ந்தாலும் அவற்றை வாசிக்க முடியுமா? இடிஎல் என்ற பழைய வெட்டுப் பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பு. இன்றும் எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும். கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருளின் திட்டக் கோப்பும் அப்படியே. மென்பொருள் இல்லாவிட்டாலும் மனிதர் வாசிக்கலாம். கேடென்லைவுக்கு 'அடிக்கடி விழும்' என்ற பெயர் உண்டு. இருக்கட்டும். விழுகிற மென்பொருளில் நிலைக்கிற வேலையும் இருக்கிறது, விழாத மென்பொருளில் காணாமல் போகிற வேலையும் இருக்கிறது. அட்டவணைகள் முதலாவதற்குத் தண்டனை கொடுக்கின்றன, இரண்டாவதைப் பார்ப்பதேயில்லை.

ஆகவே கிரீடம் சூட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பழைய பெட்டியா, எடியஸில் வெட்டுங்கள். நல்ல கிராபிக்ஸ் அட்டை இருக்கிறதா, ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். எதில் வெட்டினாலும் மூலக் கோப்பைச் சுருங்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் வெட்டுப் பட்டியலை இடிஎல் ஆகவோ எக்ஸ்எம்எல் ஆகவோ வெளியே எடுங்கள். தலைப்புகளை யூனிகோடில் போடுங்கள். ஒப்பீடு எழுதுபவர்கள் இனியாவது மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பத்தாண்டு கழித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், இதை நான் திறக்க முடியுமா?