வாய் பேசாததா, காது கேளாததா?

மால்கம் கிளாட்வெல் 2008-இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' நூலின் ஏழாம் இயலுக்கு, விமான விபத்துகளின் இனவியல் கோட்பாடு என்று தலைப்பு. வேலையிடத்தில் ஊழியர் ஏன் வாய் திறப்பதில்லை என்று பேசுகிற மேலாண்மைக்காரர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் பிரதி இது. இதை நாம் கீழேயிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

1997 ஆகஸ்ட் 6 அன்று கொரியன் ஏர் விமானம் குவாம் தீவின் குன்றில் மோதி 228 பேர் செத்தார்கள். தலைமை விமானிக்குக் கீழே இருந்தவர்கள் ஆபத்தை நேரே சொல்லாமல் ஜாடையாகச் சொன்னார்கள். ஆறு படிகளில் மரியாதை வைத்துப் பேசும் கொரிய மொழியும் பண்பாடும் அவர்கள் வாயைக் கட்டின என்கிறார் கிளாட்வெல். ஒவ்வொரு நாட்டுக்கும் 'அதிகாரத் தூரம்' அளந்த டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடைத் துணைக்கு அழைக்கிறார். 2000-இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி எல்லோரையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார், கட்டு அவிழ்ந்தது என்று கதை முடிகிறது.

குவாம் விபத்தை விசாரித்த அமெரிக்க வாரியமோ தலைமை விமானியின் சோர்வையும், நிறுவனம் கொடுத்த போதாத பயிற்சியையும் காரணங்களில் சேர்த்தது. விமானம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் எச்சரிக்கும் தரைக் கருவியமைப்பை அமெரிக்க அரசே அங்கு முடக்கி வைத்திருந்தது. மனுசன் வாய் மட்டுமா, கருவியின் வாயும் அடைபட்டுத்தான் கிடந்தது.

மரியாதை மொழியின் கொடுமையை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அறுபது வயசுக் கிழவரை ஊர்த்தெருப் பொடியன் 'வாடா' என்பதும், அவர் 'சொல்லுங்க சாமி' என்பதும் இலக்கணத்திலிருந்து பிறந்ததல்ல. நெலம் அவன் அப்பன்கிட்ட இருக்கு, கூலி அவன் கையில இருக்கு, எதுத்துப் பேசுனா மறுநாள் அடுப்பு எரியாது. மொழி வெறும் தழும்பு. காயம் வேற எடத்துல.

பண்பாடுதான் காரணம் என்றால் 1977 மார்ச் 27-ஐ என்ன செய்வது? டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். அனுமதியில்லாமல் கிளம்பியது டச்சு விமானம். ஹாஃப்ஸ்டெடின் அட்டவணையில் அதிகாரத் தூரம் குறைவான நாடு அது, அவருடைய சொந்த நாடு. எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று பொறியாளர் கேட்டார். விலகியாச்சு என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு இரண்டு மாதம் முன்பு இதே ரக விமானத்தில் தேர்வு வைத்தவரே அந்தத் தலைமை விமானிதான். மதிப்பெண் போடுகிறவனை எவன் மடக்குவான்?

ஆங்கிலம்தான் மருந்து என்றால் 1989 மார்ச் 10-க்கு வருவோம். கனடாவின் டிரைடன். இறக்கையில் பனி ஒட்டியபடி கிளம்பிய விமானம் விழுந்து 24 பேர் இறந்தார்கள். அந்தப் பனியைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக உட்கார்ந்திருந்த இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். மூவருமே சொல்லவில்லை. நாங்கள் சொல்வதை விமானிகள் விரும்பமாட்டார்கள் என்று உயிர் பிழைத்த பணிப்பெண் விசாரணையில் சொன்னார். எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். அவரவர் இடமும் தெரியும்.

பேசினால் மட்டும் என்ன நடக்கிறது? 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் துணை விமானி, இறங்காமல் மறுபடி மேலே ஏறச் சொல்லி மூன்று முறை எச்சரித்தார். தலைமை விமானி கேட்கவில்லை. 158 பேர் செத்தார்கள். இதற்கு மௌனம் என்று பெயர் வைக்க முடியுமா? பேசாமை என்று இவர்கள் எழுதுவதில் பாதி, மேலே இருப்பவனின் கேளாமை.

கிளாட்வெலின் பார்வை விமானி அறைக் கதவோடு நின்றுவிடுகிறது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை அந்தக் கதவுக்கு வெளியேயும் நீள்கிறது. விமானத்தைக் கூட்டிப் பெருக்குகிற, பெட்டி தூக்குகிற ஒப்பந்தத் தொழிலாளியின் நுழைவுச் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டால் அவனுக்கு மறுநாள் வேலையில்லை. அவன் ஓட்டையைப் பார்த்தால் யாரிடம் சொல்வான்? 2025-இல் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் தலித் பயிற்சி விமானி, 'விமானம் ஓட்ட லாயக்கில்லை, போய்ச் செருப்புத் தை' என்று மேலதிகாரிகள் இழிவுபடுத்தியதாகப் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. நிறுவனம் மறுத்தது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஆங்கிலம் புழங்கும் துறையில் சாதி ஏறாது என்று நம்பச் சொல்பவர்கள், அந்தப் புகாரை ஒருமுறை படிக்கட்டும்.

வாய் எப்போது திறக்கிறது என்பதற்கும் இதே துறையில் சான்று இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவில் ரகசியப் புகார் முறை வந்தது. புகார்கள் தண்டிக்கும் துறைக்குப் போவதில்லை, நாசாவுக்குப் போகின்றன. அங்கே பெயரை நீக்கிவிடுகிறார்கள். தெரியாமல் செய்த தவறை உரிய காலத்தில் எழுதிக் கொடுத்தால் தண்டனையும் இல்லை. எழுதினார்கள், லட்சக்கணக்கில் எழுதினார்கள். யாருடைய பண்பாட்டையும் மாற்றவில்லை. தண்டனையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, 'தைரியமாப் பேசுங்க' என்று கீழே இருப்பவனுக்குப் பயிற்சி கொடுப்பது ஏமாற்று. பேசுனவனுக்கு வேலை இருக்குமா, அதச் சொல்லுங்க மொதல்ல.