அதிகாரம் பகிர்ந்தால் போதுமா?

2019ஆம் ஆண்டின் இறுதியில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை, இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியுள்ள ட்விட்டர் நிறுவனம் முடக்கிற்று. 1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில், நாசி வணக்கம் செலுத்தும் கூட்டத்தின் நடுவே கைகட்டி நின்ற ஒரு தொழிலாளியின் புகைப்படத்தை அவர் தம் பக்கத்தில் வைத்திருந்தார். கொடுங்கோன்மையை மறுத்த படமே குற்றமாயிற்று. மனம் வெதும்பிய இந்தியர் பலர் அந்த நவம்பரில் மஸ்டோடன் என்னும் தளத்துக்குக் குடிபெயர்ந்தனர். நாளடைவில் அவர்களுள் பலர் திரும்பியும் வந்தனர். ஏன் சென்றனர்? ஏன் நிலைக்கவில்லை? இரண்டையும் எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ என்னும் இளைஞர் உருவாக்கியது மஸ்டோடன். அது ஒரே நிறுவனத்தின் உடைமையன்று. ஆயிரக்கணக்கான சிறு வழங்கிகளைத் தனியாரும் குழுக்களும் நடத்துகின்றனர். ஒரு வழங்கியில் இருப்பவர் வேறொரு வழங்கியில் இருப்பவருடன், மின்னஞ்சலில்போல, தடையின்றி உரையாடலாம். இதற்கான ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் ஏற்றது. விளம்பரம் இல்லை, சினத்தைத் தூண்டும் பதிவை மேலே தள்ளும் கணக்கீடும் இல்லை, நாம் பின்தொடர்வோரின் பதிவுகள் கால வரிசையிலேயே வருகின்றன.

சிறு சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கற்பித்தார். அன்பியங்களில் கூடிப் பழகிய நமக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

இத்தளத்தின் தொடக்ககால முடிவு ஒன்று நம் பாராட்டுக்குரியது. பிறர் பதிவை எடுத்துத் தம் கூட்டத்தின்முன் நிறுத்தி எள்ளி நகையாடும் வசதியை அதன் ஆக்கியோர் வேண்டுமென்றே தரவில்லை. ஒருவரிடம் குறை கண்டால் அவரிடமே பேச வேண்டியிருந்தது. குற்றம் செய்த சகோதரரை முதலில் தனிமையில் சந்திக்கச் சொல்லும் மத்தேயு 18ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. 2025இல் அவ்வசதி சேர்க்கப்பட்டபோதும், தம் பதிவை யார் மேற்கோளாக எடுக்கலாம் என வரையறுக்கும் உரிமை எழுதியவருக்கே தரப்பட்டது.

ஆயினும் குறைகளை மறைப்பது திறனாய்வாகாது. முதற்குறை, உரையாடல் சிதறிப்போவது. ஒரு பதிவுக்கு வெவ்வேறு வழங்கிகளிலிருந்து வரும் மறுமொழிகள் எல்லாருக்கும் தெரிவதில்லை. ஆகவே பத்துப் பேர் ஒரே விடையை, ஒருவரையொருவர் அறியாமல் எழுதுவர். கேட்காமலே பேசும் அவை எங்ஙனம் கலந்துரையாடலாகும்? விடுபட்ட மறுமொழிகளைத் தேடிக் கொணரும் முயற்சி 2025இன் பதிப்பில்தான் இடம்பெற்றது.

இரண்டாவது குறை, பேரரசருக்கு மாற்றாகக் குறுநில மன்னர்கள் எழுவது. வழங்கியை நடத்துபவர் எவரையும் விலக்கலாம். மற்றொரு வழங்கியோடு உறவையே துண்டிக்கலாம். இவ்வதிகாரம் நன்மைக்கும் உதவியதுண்டு. 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன காப் என்னும் தளம் மஸ்டோடன் மென்பொருளுக்கு மாறியபோது, பெரும்பாலான வழங்கிகள் கதவடைத்தன. ஆனால் அதே கதவு, காரணம் கூறப்படாமல், ஓர் எளியவரின் முகத்திலும் அறையப்படலாம்.

மூன்றாவது குறை, தனியொருவரின் தோள்மீது எல்லாச் சுமையும் விழுவது. ஆயிரக்கணக்கானோர் கூடிய ஒரு வழங்கியை, ஒரு சர்ச்சையின் வசைமாரிக்கு ஆளாகிச் சோர்ந்த அதன் நிர்வாகி 2023இல் மூடிவிட்டார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. குடிபெயர்வோர் தம்மைப் பின்தொடர்வோரை உடன் கொண்டுசெல்லலாம். எழுதிய பதிவுகளையோ விட்டுச்செல்ல வேண்டும்.

சீர்திருத்தத்தின் வழி தெரியாததன்று. மஸ்டோடன் தன் வலைத்தளத்தில் பரிந்துரைக்கும் வழங்கிகளுக்கு ஓர் உடன்படிக்கை வைத்துள்ளது: இனவெறியைத் தடுக்க வேண்டும், நாள்தோறும் நகலெடுத்துக் காக்க வேண்டும், நெருக்கடியில் உதவ இன்னொருவருக்கேனும் அணுக்கம் இருக்க வேண்டும், மூடுவதாயின் மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். இவற்றோடு, விலக்கியதற்கான காரணத்தை எழுத்தில் தருவதும், முறையீட்டைக் கேட்க வேறொருவரை அமர்த்துவதும், செலவை உறுப்பினர் பகிர்வதும் சேருமாயின் அமைப்பு உறுதிப்படும் என்பது நம் கருத்து. ரோக்கோவே 2025 நவம்பரில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியது, உருவாக்கியவரும் கைவிடக் கற்கலாம் என்பதற்குச் சான்று.

இந்தியர் பலர் திரும்பிவந்த காரணம் இப்போது விளங்கும். அவர்கள் விருந்தினராய்ச் சென்றனர், வீட்டாராய்த் தங்கவில்லை. இலவச மண்டபத்தில் நாம் வாடிக்கையாளர். நாமே தாங்கும் முற்றத்தில் பொறுப்பாளர். விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும், சண்டையை விலக்கவும், மாற்றுக் கருத்துடையவரைப் பொறுமையாய்க் கேட்கவும் நாம் ஆயத்தமா? ஆயத்தமில்லையேல், அதிகாரம் எத்தனை துண்டுகளாகப் பகிரப்பட்டாலும், ஒவ்வொரு துண்டிலும் பழைய ஆணவமே குடியேறும்.