கார்கோசா: மாறிய பயனும் மாறாத வாயிலும்

கட்டடமும் ஒரு நூலே. கல்லின் அழகை மட்டும் கண்டு மீள்வோர் அதன் அட்டையைக் கண்டவரேயாவர். உள்ளே யார் வாழ்ந்தனர், வெளியே யார் நின்றனர் என வினவுவோரே அதனைப் படித்தவராவர். கோலாலம்பூர் ஏரித் தோட்டத்தை அடுத்த குன்றின்மேல் நிற்கும் கார்கோசா மாளிகையை இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் ஐக்கிய மலாய் மாநிலங்களாயின. அவற்றின் முதல் தலைமை ரெசிடெண்டான பிராங்க் சுவெட்டன்ஹாமுக்கென எழுந்ததே இம்மாளிகை. விக்டோரியா அரசியின் காலத்துக் கோதிக், டியூடர் பாணிகளை அதில் காணலாம். பெயரும் இம்மண்ணுக்குரியதன்று; 1895இல் வெளிவந்த ஆங்கிலக் கதைத் தொகுதியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் அவர்தம் அதிகாரிகள் இதனைப் பயன்படுத்தினர். 1956இல் துங்கு அப்துல் ரகுமான் இதனைப் பிரிட்டிஷ் அரசுக்கு அன்பளிப்பாக்கினார். விடுதலைக்குப்பின் பிரிட்டிஷ் தூதரின் இல்லமாயிற்று. 1987இல் மலேசிய அரசிடம் மீண்டது. 1989இல் ஆடம்பர விடுதியாகி, காமன்வெல்த் மாநாட்டுக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசியாரை வரவேற்றது. பின்னர் அவ்விடுதியும் மூடப்பட்டது.

ஆட்சியாளர், படையினர், தூதர், செல்வர் எனப் பயன்படுத்தியோர் மாறினர். எளிய மக்களுக்கோ வாயில் எளிதில் திறந்ததில்லை. பெருமை பேசும் கட்டுரைகள் இக்குறையைக் காணத் தவறுகின்றன.

அங்ஙனமாயின் அடிமைச் சின்னமென இடித்துவிடலாமா? கூடாது. அருகிலுள்ள மாளிகையில்தான், அது மன்னர் இல்லம் எனப்பட்ட காலத்தில், 1957 ஆகஸ்டு 5ஆம் நாள் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டவரின் குன்றே விடுதலைக்கும் சான்றாயிற்று. சான்றை அழித்தால் வழக்கே தோற்கும்.

பிரிக்பீல்ட்சில் 1904இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமத்தை இதனோடு ஒப்பிடுக. அதிகாரம் எழுப்பியது ஒன்று. மக்கள் வளர்த்தது மற்றொன்று. கல்விப் பணி அதற்கு உயிரூட்டியது. 2014இல் அவ்வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிப்பட்டபோது பலர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 2016இல் அது மரபுடைமையாகப் பதிவு பெற்றது.

சட்டம் சுவரைக் காக்கும். பயன்பாடே நினைவைக் காக்கும். கார்கோசா போன்ற மாளிகைகள் மாணவர் நுழைந்து வினவும் வரலாற்றுக் கூடங்களாதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் பயிற்சி வகுப்பறையிலேயே தொடங்குக. வினவத் தெரியாத தலைமுறைக்கு எம்மாளிகையும் வெறுங்கல்லே.