பானிவாலாவா, மலாய்வாலாவா?

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தமான் போய்த் திரும்பி ஒரு மாதமாகிறது, பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசுவது ஹாவ்லாக் கடற்கரையையோ பவழப்பாறையையோ பற்றியில்லை, போர்ட் பிளேரில் செல்லுலார் சிறைக்குக் கொஞ்சம் தள்ளித் தள்ளுவண்டியில் இளநீர் விற்கிற ஒரு அக்காவைப் பற்றி! வீட்டில் இதற்கு ‘இளநீர் புராணம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். (ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அக்கா வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.)

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணி, உப்புப் பிசுபிசுப்பில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறையின் கொட்டடிகளில் எத்தனையோ கதவுகளை எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சு கனத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட வெளியே வருகிறேன், எதிரே வண்டி நிறையப் பச்சைக் காய்கள்! அரிவாளை ஓங்கியபடி அக்கா இந்தியில் கேட்டார்: “பானிவாலாவா, மலாய்வாலாவா?” தண்ணீர்க் காயா, வழுக்கைக் காயா என்று கேள்வி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் “தோனோ” என்றேன். ரெண்டும் வேண்டுமாம் எனக்கு!

அரிவாள் அப்படியே நின்றது. “தமிழா தம்பி? அப்ப கேளு. தண்ணியும் முட்ட முட்ட வேணும், வழுக்கையும் கட்டியா வேணும்னா எப்படி? வழுக்கை எங்கேருந்து வருது? அந்தத் தண்ணிதானே கட்டுது. அது ஏற ஏற இது இறங்கும். ஏதாவது ஒண்ணைச் சொல்லு.”

ஐயோ, எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது! ஆறேழு மாதக் காயில்தான் தண்ணீர் உச்சம், அதற்குமேல் பருப்பு பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் குறையும், பன்னிரண்டு மாதத்தில் அது முற்றிய தேங்காய் — இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், ஆனால் சம்பளமும் ஏறணும் சாயங்காலமும் சீக்கிரம் வீட்டுக்கு வரணும் என்று இருபது வருடமாகப் புலம்புகிற ஒருத்தனுக்கு அரிவாளை நீட்டிக்கொண்டு யார் சொன்னார்கள்? “பானிவாலா” என்றேன், நல்ல பிள்ளையாக. அக்கா காயை விரலால் ரெண்டு சுண்டு சுண்டிக் காதைச் சாய்த்தார், வேண்டாமென்று வைத்தார், இன்னொன்றை எடுத்தார், சக் சக் சக் என்று மூன்றே வெட்டு, கண் திறந்ததும் தண்ணீர் பீறிட்டு என் மூக்குக் கண்ணாடியில்! குளிர்ச்சி, ஒரு துளி உப்புக்கரிப்பு, அதன் பின்னாலேயே தித்திப்பு. காகித ஸ்ட்ரா பாதியிலேயே நமுத்துப்போனதை ஒரு குறை என்று சொல்வேனா, தூக்கிப் போட்டுவிட்டு வாய் வைத்து அண்ணாந்தேன்.

“உள்ளே செக்கு பார்த்தியா?” என்றார். பார்த்தேன், ஒரு நாளைக்கு 30 பவுண்டு எண்ணெய் ஆட்டித் தரணும் என்று கைதிகளை மாடாகக் கட்டிய செக்கு. “எந்த எண்ணெய்? இந்தக் காயோட எண்ணெய்தான். மட்டை அடிச்சுக் கயிறு திரிக்க வச்சாங்களே, அதுவும் இந்த மட்டைதான்.” கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கண்ணாடிப் பெட்டிகள் முன்னால் நின்றபோது தோன்றாதது, விரலில் நார் குத்தியபோது தோன்றியது.

ரெண்டாவது காயை நானாகவே கேட்டு வாங்கினேன், அவர் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்ற பயம்! அக்கா பிறந்தது கச்சால் தீவில். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களில் சிலரை நிக்கோபாரின் கச்சாலில் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டம். அப்புறம் 2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணி வாக்கில் தரை ஆடியது, கடல் வந்தது, கச்சால் போல அடிவாங்கிய தீவுகள் கொஞ்சம்தான், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவருக்கு அதற்கப்புறம் குடிக்க என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கிணறெல்லாம் உப்பு, சுற்றிலும் தண்ணீர், ஒரு சொட்டுக் குடிக்க முடியாது, மேட்டில் நின்ற தென்னைகளில் மட்டும் கடல் தொடாத தண்ணீர் குலைகுலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது! “மூணு நாள் தம்பி. ஒரு காய்க்கு நாலு பேர். முதல்ல பிள்ளைங்க, அப்புறம் வயசானவங்க, கடைசியா வெட்டினவங்க. இப்பவும் நான் கடைசி காய்தான் குடிப்பேன், பழகிடுச்சு.” இதைச் சொல்லும்போதே அடுத்த ஆளுக்குக் காய் சுண்டிக்கொண்டிருந்தார், குரலில் ஒரு நடுக்கம் இல்லை, அழுதது நான்தான், வாயில் இளநீரோடு, நடுரோட்டில், நாற்பத்தாறு வயதில்!

மட்டையில் சீவிய கரண்டியால் வழுக்கையைச் சுரண்டித் தின்றுவிட்டு மூன்றாவது காயையும் குடித்தேன். ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடுகிறது. சிறைக்குள் ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் இருந்தது, பழைய அரசமரம் கதை சொல்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்கிறார்கள், மூன்று இளநீர் குடித்த நான் மட்டும் இருட்டில் கால்களை மிதித்துக்கொண்டு நாலாவது தடவையாகக் கழிப்பறைக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன்.