பொறியாளரின் பணிக்குறிப்பேடு: மூன்று முறைகள்

மென்பொருள் பொறியாளர் நாள்தோறும் பணிக்குறிப்பு எழுதுவது நல்லது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எதை எழுதுவது என்று கேட்டால்தான் வழிகள் பிரிகின்றன. அவற்றை எடைபோட மூன்று முன்மாதிரிகள் போதும்: வாட்ஸ் ஹம்ஃப்ரி வகுத்த தனிநபர் மென்பொருள் செயல்முறை, ஜான் கார்மாக்கின் ‘பிளான்’ கோப்பு, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு டொனால்ட் நூத் வைத்திருந்த பிழைப் பதிவேடு. என் அளவுகோல் ஒன்றே. எழுதியவர் சில மாதம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது, தன் வேலைமுறையைப் பற்றி அதுவரை அறியாத ஒன்றை அந்த ஏடு அவருக்குக் காட்டுகிறதா?

கட்டுக்கோப்பில் ஹம்ஃப்ரியின் முறைக்கு இணையில்லை. ஐபிஎம்மில் நெடுங்காலம் பணியாற்றி, பின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்கு வந்தவர் அவர். 1995இல் வெளியிட்ட நூலில், பெரிய நிறுவனங்களுக்கு உரிய ஒழுங்கைத் தனி ஒருவரின் மேசைக்குக் கொண்டுவந்தார். நேரப் பதிவேட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையூறுகளுக்குப் போன நிமிடங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பிழைப் பதிவேட்டில் பிழையின் வகை, அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் அகன்றது, திருத்த எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுத வேண்டும். நுழைந்த கட்டம், அகன்ற கட்டம் என்ற அந்த இரண்டு பத்திகள்தாம் இம்முறையின் உயிர். வடிவமைப்பில் புகுந்த பிழை சோதனைவரை தப்பி வந்திருந்தால், இடையில் எந்தச் சரிபார்ப்பு தவறியது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

ஆனால் பிழை எங்கே நுழைந்தது என்ற அந்தக் கேள்வியின் கூர்மை நடைமுறையில் நிற்கவில்லை. சிந்தனை ஓடிக்கொண்டிருக்கும்போது நிமிடக் கணக்குக்காக அதை நிறுத்தச் சொல்கிறது இம்முறை. பதிவு செய்யும் செயலே இன்னோர் இடையூறாகிவிடுகிறது. ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையைப் பயின்றவர்களின் படிவங்களைச் சரிபார்த்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுப் பிழைகளும் கணக்கீட்டுப் பிழைகளும் வெளிவந்தன. கூட்டல் கழித்தலைக் கருவியிடம் விட்டுவிடலாம். எழுத மறந்த பிழையை எந்தக் கருவியும் எழுதித் தராது. ஒன்றை இங்கே ஹம்ஃப்ரிக்காகச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவுகள் பொறியாளருக்கே உரியவை, மேலாளர் மதிப்பிடுவதற்கானவை அல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சென்னையில் அவர் பெயரில் ஒரு மென்பொருள் தர நிறுவனமே அமைந்தது. ஆயினும் நம் அலுவலகங்களில் ஊன்றியது டைம்ஷீட். வாடிக்கையாளருக்குக் கட்டணம் போடுவதற்காக வெள்ளிக்கிழமை மாலை ஒரே மூச்சில் நிரப்பப்படும் அந்தத் தாளையும் ஹம்ஃப்ரியின் ஏட்டையும் ஒன்றாகக் கருதுவது அவருக்குச் செய்யும் அநீதி.

கார்மாக்கின் முறை இதற்கு நேர் எதிர். 1996இல், ஐடி சாஃப்ட்வேரில் குவேக் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, யாரும் இணையம் வழியே படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பில் தம் வேலைகளைப் பட்டியலிட்டார். அவர் வைத்துக்கொண்ட குறிகள் மூன்று: அன்றே முடித்ததற்கு உடுக்குறி, பின்னொரு நாள் முடித்ததற்குக் கூட்டல், வேண்டாமென்று கைவிட்டதற்குக் கழித்தல். சிக்கனம் இதன் முதல் நிறை. அதைவிடப் பெரிய நிறை அந்தக் கழித்தல் குறி. கைவிட்ட திட்டத்தைப் பெரும்பாலோர் பட்டியலிலிருந்தே அழித்துவிடுவார்கள்; இவர் அதை ஒரு முடிவாக மதித்து விட்டுவைத்தார். ஏன் கைவிட்டார் என்பது மட்டும் அங்கே இல்லை. பிற்காலத்தில் அவர் அதே கோப்பில் நீண்ட தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதினார். காரணங்கள் அவற்றில் நிறைய உண்டு. அதற்குள் அன்றாடப் பதிவு என்ற இயல்பு போய்விட்டது.

நூத்தின் ஏடு இவ்விரண்டையும் விட ஆழமானது. நிரல் முழுவதையும் கையால் தாளில் எழுதி முடித்த பின்பே 1978 மார்ச்சில் கணினியில் பிழைதிருத்தத் தொடங்கினார். அப்போதிருந்து, செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசை எண்ணிட்டுக் குறித்துவந்தார். 1989இல் அந்தப் பட்டியலை முழுமையாக வெளியிட்டபோது அதில் 850க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அவற்றை அவர் 15 வகைகளாகப் பிரித்தார்: ஒன்பது பிழை வகைகள், ஆறு மேம்பாட்டு வகைகள்.

இந்த வகைப்பாடுதான் சாதனை. ‘மறந்துவிட்ட செயல்’ என்பதும் ‘எதிர்பாராத சூழல்’ என்பதும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் நிரல் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஆனால் முன்னதற்குச் சரிபார்ப்புப் பட்டியல் போதும். பின்னதற்குக் கடுமையான சோதனை வேண்டும். டெக்கின் மூலைமுடுக்கெல்லாம் வேண்டுமென்றே துன்புறுத்திப் பார்க்கும் ‘ட்ரிப்’ சோதனையை நூத் எழுதியது அதற்காகத்தான். இன்னொரு வகை, கூறுகளுக்கிடையிலான பொருந்தாமை. குழுவில் பேச்சுவார்த்தை குறைந்தால் வருவது இது என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். நூத்தின் நிரலிலோ எல்லாக் கூறுகளையும் எழுதியவர் ஒருவரே. தாம் வகுத்த விதியையே இன்னோர் இடத்தில் மறந்திருக்கிறார். கூட்டங்களைக் கூட்டி இந்தப் பிழையை ஒழிக்க முடியாது என்பதை வேறெந்த ஏடும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தவில்லை.

குறைகளும் உண்டு. விலை குறிக்கப்படவில்லை: அற்ப எழுத்துப்பிழைக்கும் வழிமுறையின் அடித்தளத் தவறுக்கும் தலா ஒரு பதிவுதான். வகைப்படுத்தியவரும் பிழை செய்தவரே; இரண்டாம் நடுவர் இல்லை. வெளியீட்டுத் தேதி துரத்தாத ஒரு பேராசிரியரின் நிதானம் எல்லார்க்கும் வாய்க்காது என்பதும் நியாயமான ஆட்சேபம். ஆனால் ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம் போதும். நிதானம் தேவைப்பட்டது பின்னால் வந்த வகைப்பாட்டுக்குத்தான். அதை மாதம் ஒருமுறை செய்தாலும் போதும்.

என் தீர்ப்பு இது. ஏடாக நூத்தின் பதிவேடே முதன்மை. பதிவின் அலகாக அது மணிநேரத்தை விட்டுப் பிழையை எடுத்துக்கொண்டதால், திரும்பப் படிப்பதற்கு அதில் பொருள் இருக்கிறது. கார்மாக்கின் கோப்பு அடுத்தது. ஹம்ஃப்ரியின் முறை, முழு முறையாக, மூன்றாமிடம்தான்; ஆனால் பிழை நுழைந்த கட்டம் எது என்ற அவருடைய கேள்வி நூத்தின் ஏட்டில் ஒரு பத்தியாக இடம்பெறத் தகுந்தது. புதிதாகக் குறிப்பேடு தொடங்குவோர் நேரக் கணக்கை விட்டுவிட்டு, இன்று திருத்திய பிழையையும் அது நுழைந்த இடத்தையும் முதல் பக்கத்தில் எழுதட்டும்.