காஞ்சனபுரியில் காணாத பெயர்கள்

சயாம் மரண ரயிலைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டத் தமிழர் இரார். அதன் சரித்திரத்தைக் காட்டும் காட்சிசாலைகள் தமிழரைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கின்றன? இதனை அறியவே கேமரன் மலையினின்றும் இறங்கி, தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிக்குச் சென்று வந்தோம்.

1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் இணைத்து முடித்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வதைபட்ட நேசநாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் மாண்டோர் 12,000க்கு மேல். மலாயாத் தோட்டத் தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சாவகர் முதலிய ஆசியத் தொழிலாளரோ கைதிகளைப்போல் ஏறக்குறைய மும்மடங்கினர். இவர்களில் மாண்டோர் சுமார் 90,000 என்று மதிப்பிடுகின்றனர். 'மதிப்பு' என்னும் சொல்லை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம். கைதியின் சாவுக்குக் கணக்குண்டு. கூலியின் சாவுக்கு உத்தேசந்தான்.

காட்சிசாலைகளுள் மூத்தது, ஒரு பௌத்த மடத்தார் 1977இல் அமைத்த 'ஜீத்'. கைதிகள் கிடந்த மூங்கிற் கொட்டகையைப் போலவே கட்டியிருக்கிறார்கள். நன்று. ஆனால் பெயரைப் பாருங்கள்: ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்தது அது. அடித்தவனுக்கு எழுத்துண்டு, அடிபட்ட வெள்ளையனுக்கும் எழுத்துண்டு, பெருந்தொகையாய்ச் செத்தவனுக்கு ஓரெழுத்தும் இல்லை!

ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998இல் 'நரக நெருப்புக் கணவாய்' அருகே திறந்த சாலை தன் நாட்டு மக்களை நினைக்கிறது. அதைக் குறை கூறோம். 2003இல் திறந்த ரயில்பாதை மையம் ஆசியத் தொழிலாளரையும் சேர்த்துப் பேசுகிறது, அதற்கு நன்றியுடையோம். எனினும் அதன் எதிரே கிட்டத்தட்ட 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக நிற்கையில், எம் கண் வேறு பெயர்களைத் தேடிற்று.

கைதிகளுக்கு அதிகாரிகளும் வைத்தியரும் இருந்தனர்; பட்டியல்களை ஒளித்து வைத்தேனும் காத்தனர். நம்மவர், நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, மூன்றே மாத வேலை என்ற பேச்சை நம்பிப் போனவர். பின்னர் பலாத்காரமாகப் பிடித்துக் கொண்டு போகப்பட்டவர். 1943இன் மழையில் காலரா கண்டபோது அவர்கள் முகாம்களில் வைத்தியமும் இல்லை, எழுதி வைப்பாரும் இல்லை. நாம் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். செக்ரோலில் ஒரு பெயர் விட்டுப்போனால் மாலைக்குள் ஆபீஸ் வாசலில் ஆள் வந்து நிற்கும். அங்கே விட்டுப்போன பெயருக்காக எவர் வந்து நிற்பது?

வேடிக்கை என்னவெனில், வதைத்த படையே 1944இல் பாலத்தருகே எழுப்பிய நினைவுத் தூணில் தமிழும் பொறித்திருக்கிறது. ஆயினும் அதில் ஆட்பெயர் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களே நம்மவரை முகமும் குரலும் உள்ள மனிதராக நடமாட விட்டன. ஆனால் நாவல் பதிவேடாகாது.

இம்மலையில் இன்று கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வெளிநாட்டார். பழைய தமிழ்க் குடும்பங்கள் பட்டணம் சேர்ந்துவிட்டன. அவர்களைத் தேடி, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் கிராணிமார் எழுதலாம். எம் டிவிஷனில் முதற்பக்கம் தொடங்கியாயிற்று.