ஆளில்லாத ஆலயப் படங்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், யூரேகா ஸ்பிரிங்ஸ் ஊரருகே, காட்டின் நடுவே 1980இல் எழுந்தது தார்ன்கிரவுன் சிற்றாலயம். ஃபே ஜோன்ஸ் வடிவமைத்தது. பைன் மரச் சட்டங்கள், 425 சாளரங்கள், 48 அடி உயரம். இதைப் படமெடுப்பது எளிதன்று. வெளியிலுள்ள இலைகளுக்கு ஒளியளவை வைத்தால் சட்டங்கள் கருங்கோடுகளாகின்றன. சட்டங்களுக்கு வைத்தால் காடு வெளுத்துவிடுகிறது. (ஸ்ரீமுஷ்ணத்து முந்திரித் தோப்பில் நண்பகலில் படமெடுத்தோர் இவ்விடரை அறிவர்.) அந்திப் பொழுதைத் தேர்வோர் இரண்டையும் காட்டிவிடுகின்றனர். ஆயினும் இருக்கைகள் வெறுமையாகவே கிடக்கின்றன. காடு சிதையலாகாதென, இருவர் சுமந்து வரக்கூடிய அளவிலேயே சட்டங்களை அமைத்தனர். அத்தோள்கள் நான் கண்ட படம் எதிலும் இல்லை. செபிக்க வந்த ஒருவரின் முதுகாவது தெரிந்திருந்தால் அந்த 48 அடி நமக்குப் புரிந்திருக்கும்.